பதினொன்றாம் எண் கூண்டு

அக்டோபர் 7, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்புக்கு இன்று காலநிலை மாற்றம் பாடம் ஆரம்பித்தேன். நன்றாகத்தான் நடத்தினேன் என்று முதலிலேயே எழுதி வைக்கிறேன். மாலையில் அப்படித் தோன்றவில்லை.

பிள்ளைகளை ஹைடெக் லேபுக்கு அழைத்துப்போய்ப் பெரிய திரையில் ஒரு வரைபடம் காட்டினேன். கடல்மட்டம் ஏற ஏற எந்தெந்த இடம் தண்ணீருக்குள் போகும் என்று அதில் நீல நிறம் பரவும். கீழே ஒரு பொத்தான். அதை வலப்பக்கம் இழுத்தால் கடல் ஏறும். நானும் ஆர்வக்கோளாறில் கடைசிவரை இழுத்துவிட்டேன். சிப்பிக்குப்பம் முழுவதும் நீலம். எங்கள் பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில், மீன் ஏலக்கூடம், எல்லாம்.

முப்பத்தொரு பிள்ளைகள். ஒரு சத்தம் இல்லை. இந்த வகுப்பை அமைதியாக்க ஜூன் மாதத்திலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருக்கிறேன். இன்று கிடைத்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

மேகலாதான் முதலில் வாயைத் திறந்தாள். அந்தப் பெண் வாயைத் திறக்காமல் இருந்தால்தான் செய்தி.

"டீச்சர், எங்க வீடு நீலத்துல இருக்குது. கடலூர்ல உங்க வீடு எங்க இருக்குது, அதையும் காட்டுங்க."

அதற்குள் மணி அடித்துவிட்டது.

சரி, பொய் எழுத வேண்டாம். மணி அடிக்க ஆறு நிமிடம் இருந்தது. நான்தான் திரையை அணைத்தேன்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 8, புதன்

போனில் வானிலை பார்த்தது நான்கு முறை. மழைக்காலத்தில் எல்லோரும் பார்ப்பதுதான்.

அக்டோபர் 10, வெள்ளி

ஒன்பதாம் வகுப்பு முகிலனின் அப்பா தேசிங்கு பள்ளிக்கு வந்தார். கடலிலிருந்து நேராக வந்திருந்தார், லுங்கி ஈரம்கூடக் காயவில்லை. தலைமையாசிரியர் அருட்பிரகாசம் சாரின் அறையில் என்னை நிற்கவைத்துப் பேசினார்.

"பையன் மூணு நாளா சோறு சரியா துன்னலைங்க. படகை வித்துப்புட்டு மேற்கால எங்கயாச்சும் போயிடலாம்னு அழுவுறான். தூக்கத்துல எழுந்துபோயி வாசல்ல தண்ணி வந்துடுச்சான்னு பாக்குறான். சுனாமியில எங்கண்ணன பறிகொடுத்தவன் நான். அதக்கூட இவங்கிட்ட பக்குவமாத்தான் சொன்னேன். நீங்க என்னாத்த காட்டுனீங்க?"

"பாடத்துல இருக்கறதத்தாங்க சொன்னேன்."

"உங்களுக்குப் பாடம். எங்களுக்கு வாசல்."

அவர் போனபிறகு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதாவது வம்பு வரும்போதெல்லாம் அதைத்தான் துடைப்பார். "மேடம், அந்தப் பாடத்த சட்டுபுட்டுனு முடிச்சிட்டு மண் வகைகளுக்குப் போயிடுங்களேன். மண்ணுக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. தேசிங்கு மேல் இல்லை. பேருந்தில் வரும் வழியெல்லாம் முகிலனின் முகம்தான். எப்போதும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே கேட்கும் பையன். இனிமேல் நான் சொல்வதைக் கேட்பானா?

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று இவர் வந்தார். அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிறு திரும்புவார். ஆறு வருடமாக அந்தப் பக்கம் மாற்றல் வாங்கி வா என்கிறார். நான்தான் பிள்ளைகள், பள்ளிக்கூடம் என்று சாக்குச் சொல்வேன். நேற்று நானாகவே இடமாறுதலுக்கு விண்ணப்பிக்கப்போகிறேன் என்றதும் தோசையைப் பாதியில் வைத்துவிட்டுப் பார்த்தார்.

"என்ன திடீர்னு?"

"நீங்கதானங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"போன வருஷம் வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சே, அதுக்கா?"

"முழங்கால் தண்ணி. அதுக்குப் போயி யாராவது ஊரை விட்டுப் போவாங்களா?"

ஆன்லைனில் விண்ணப்பம் போட்டாயிற்று. இதற்கும் பாடத்துக்கும் சம்பந்தம் இல்லை.

சான்றிதழ் பையை இன்னொரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரி மேல் வைத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

இன்று ஒரு யோசனை பலித்தது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்களே, அதை வகுப்புக்குள் கொண்டுவந்தேன். தினமும் காலையில் ஒவ்வொருவரும் தன் பயம் எத்தனையாம் எண் கூண்டு என்று ஒரு சீட்டில் எழுதிப் பழைய சாக்பீஸ் டப்பாவில் போடவேண்டும். பெயர் எழுதக்கூடாது. யாருடையது என்று நானும் கேட்கமாட்டேன்.

அரியலூர்க்காரிக்குக் கூண்டைப் பற்றி என்ன தெரியும்? செய்தியில் கேட்டதோடு சரி. பிள்ளைகள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வாரமாக ஊமையாக இருந்த முகிலனே எழுந்தான். "ஒண்ணும் ரெண்டும் தூரத்துல இருக்குதுன்னு அர்த்தம் டீச்சர். மூணும் நாலும் நம்ம பக்கம் காத்து வரும்னு. அஞ்சு, ஆறு, ஏழு அபாயம். எட்டு, ஒம்பது, பத்து பெரிய அபாயம்."

"பதினொண்ணு?"

"அது புயலே இல்ல டீச்சர்," என்றாள் மேகலா. "வானிலை ஆபீசோட தொடர்பு அறுந்துபோச்சுன்னு அர்த்தம். அங்கேர்ந்து சொல்றதுக்கு ஆளு இல்ல. அப்புறம் அவங்கவங்க பாடு."

"சரி, ஆக பதினொண்ணுதான் உச்சம்," என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டேன். மேகலா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளைப் பேசவிட்டால் பாடவேளை போய்விடும் என்று கையமர்த்திவிட்டேன்.

முப்பத்தொரு சீட்டு. எட்டு, ஒன்பது, பத்து மட்டுமே இருபத்திரண்டு.

அக்டோபர் 16, வியாழன்

ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக என்ன செய்யலாம் என்று பிள்ளைகளே சொல்லி, பலகையின் இடப்பக்கம் எழுதியிருக்கிறோம். மூன்று என்றால் தெருவாய்க்கால் அடைப்பைப் பார்ப்பது. ஐந்து என்றால் புயல் பாதுகாப்பு மையத்துக்கு எந்தச் சந்து வழியாகப் போவது என்று நடந்து பார்ப்பது. எட்டு என்றால் ஊரில் தனியாக இருக்கிறவர்களுக்கு மூன்று வீட்டிலிருந்து போன் செய்வது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள், தனியாக இருப்பவர்கள் பதினான்கு பேர். சிலரிடம் போனே இல்லை, அவர்களுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவர ஆள் போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கேள்வியை மட்டும்தான் கேட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மறுபடி அதே வரைபடத்தைத் திரையில் போட்டேன். "அன்னைக்கு நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்," என்று ஆரம்பித்தேன். "இந்தப் பொத்தானை நானா இழுத்துக் கடைசியில நிறுத்திட்டேன். அது எங்க நிக்கும்னு இன்னும் முடிவாகல. உலகம் பூரா எவ்வளவு புகை விடறோம், எவ்வளவு குறைக்கிறோம்கிறதைப் பொறுத்து அது நகரும். கொஞ்சம் ஏறத்தான் போகுது, அதை மறைக்கமாட்டேன். ஆனா கொஞ்சத்துக்கும் கடைசிக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குது பாருங்க."

முகிலனை அழைத்து மவுஸைக் கையில் கொடுத்தேன். பொத்தானை இடப்பக்கம் மெதுவாக நகர்த்தினான். நீலம் பின்வாங்கியது. பள்ளி வெளியே வந்தது, கோயில் வந்தது. அவர்கள் தெருவில் பாதி வந்தது. மறுபாதி வரவில்லை. அவன் அந்தப் பாதியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க மண்மேட்டுல பனங்கொட்டை போட்டா?" என்று கேட்டான்.

"அலையை நிறுத்தாது. மண்ணைப் பிடிக்கும்."

"அது போதும்," என்றான், பெரிய மனிதன் மாதிரி.

இன்று எட்டுக்கு மேல் ஆறு சீட்டுதான். சந்தோஷமாக இருக்கிறது. அதை எழுதாமல் இருக்கமுடியவில்லை.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்து பள்ளி. பலகாரம் கொடுத்தே பிள்ளைகள் கொன்றுவிட்டார்கள். இடமாறுதல் விண்ணப்பத்தில் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டுமாம். லேபில் பிரிண்ட் கொடுத்துவிட்டு மேகலாவை அனுப்பி எடுத்துவரச் சொன்னேன். மடித்துத்தான் கொடுத்தாள். வழக்கமாக எதையாவது சொல்லிச் சிரிப்பவள், பேசாமல் போய் உட்கார்ந்தாள். பலகாரம் அதிகமாகியிருக்கும்.

சார் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்தார்.

அக்டோபர் 23, வியாழன்

டப்பாவில் ஒரு சீட்டு: 11.

இதுவரை யாரும் அந்த எண்ணை எழுதியதில்லை. பத்துக்கும் மேல் போகிற அளவு பயந்திருக்கும் பிள்ளை எது? முகிலனைத் தவிர வேறு யார்? சாப்பாட்டு நேரத்தில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பார் சாதம் இரண்டு முறை வாங்கினான். நடிக்கிறானோ?

அக்டோபர் 28, செவ்வாய்

மறுபடி 11. மொத்தம் நான்கு நாள். மற்றதெல்லாம் மூன்று, நான்கு என்று இறங்கிவிட்டது. இந்த ஒன்று மட்டும் அசையவில்லை. கொட்டைகொட்டையாக, பேனாவை அழுத்தி எழுதிய பதினொன்று.

முகிலனைப் பனங்கொட்டை ஊன்றும் குழுவுக்குத் தலைவனாக்கினேன். இருநூறு கொட்டை ஊன்றினார்கள். தலைவன் பதவி அவனுக்கு ஏறிவிட்டது, எல்லோரையும் விரட்டுகிறான்.

அக்டோபர் 31, வெள்ளி

இன்று 11 இல்லை. அப்பாடா. மேகலா மட்டும் வரவில்லை, அம்மாவோடு சந்தைக்குப் போனாளாம்.

நவம்பர் 4, செவ்வாய்

நேற்றும் இன்றும் 11.

பொறுக்கமாட்டாமல் என் விதியை நானே உடைத்தேன். முகிலனை வராந்தாவில் தனியாக நிறுத்தி, "உன் எண் என்னப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

"நாலு டீச்சர். பௌர்ணமியில அஞ்சு." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பேரு கேக்கமாட்டேன்னு சொன்னீங்க."

தப்புதான் என்றேன். அப்படியானால் அது யார்? ஒரு பிள்ளை தினமும் உச்சகட்டப் பயத்தோடு என் முன்னால் உட்கார்ந்து எழுந்து போகிறது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அது வீட்டில் போய் என்ன செய்கிறதோ, ஏதாவது செய்துகொள்ளுமோ.

நவம்பர் 7, வெள்ளி

11 இல்லை. மேகலா வரவில்லை.

நவம்பர் 12, புதன்

11 வந்தது. இன்று வகுப்பு முடியும்போது மேகலா எழுந்து நின்றாள். "டீச்சர், நீங்க ஒரு நாளும் சீட்டு போடலியே. உங்களுக்கு எத்தன?"

"எனக்கென்ன, பூஜ்ஜியம்."

"பூஜ்ஜியத்துக்குக் கூண்டு கிடையாது டீச்சர்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு. போகப்போகச் சரியாகிவிடும்.

போன் பார்த்தது பதினேழு முறை.

நவம்பர் 17, திங்கள்

இரண்டு செய்தி. அடுத்த செவ்வாய், 25ஆம் தேதி, இடமாறுதல் கலந்தாய்வு. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி.

பிள்ளைகளிடம் இரண்டாவதை மட்டும் சொன்னேன்.

நவம்பர் 20, வியாழன்

நான்கு நாளாக 11 இல்லை. நான்கு நாளாக மேகலாவும் இல்லை. வருகைப் பதிவேட்டையும் டப்பாவையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. இதற்கு ஒரு மாதம். பட்டம் இரண்டு, பி.எட். வேறு.

பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா அஞ்சலை மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். "இறால் கொட்டாய்க்கு வேலைக்குப் போவுது டீச்சர். அடிச்சும் பாத்துட்டேன், பள்ளிக்கூடம் போவமாட்டேங்குது. டீச்சரே இருக்கமாட்டாங்க, நான் போயி என்னா பண்றதுன்னுது. எனக்கு ஒண்ணும் புரியல."

கொட்டகையில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். மேகலா கடைசியில் இருந்தாள். பக்கத்தில் குந்தினேன்.

"பதினொண்ணு எழுதினது நீதானா?"

"ஆமா."

"அவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டு ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"எனக்குப் பயம் ரெண்டு மூணுதான் டீச்சர்." கை நிற்கவில்லை, உரித்துக்கொண்டே பேசினாள். "பதினொண்ணுன்னா பெரிய பயம்னு யாரு சொன்னது? மொத நாளே சொன்னேன். ஆபீசோட தொடர்பு அறுந்துபோச்சுன்னு அர்த்தம். அந்தத் தாள நான்தான எடுத்தாந்தேன். அரியலூர் மாவட்டம்னு போட்டிருந்துச்சு."

"அது குடும்பக் காரணம்."

"சரி."

உரித்த இறால் ஓட்டை வாளியில் போட்டாள்.

"மாத்தல் வாங்கிப் போறவங்க போவத்தான் செய்வாங்க, அதுக்கு ஒண்ணும் சொல்லல. முகிலன் மேற்கால போயிடலாம்னு அழுவுறப்ப, அப்படி இல்லடா, பொத்தான் நம்ம கையிலயும் இருக்குதுன்னு சொன்னீங்க. அவனும் நம்பிட்டான். நாங்கல்லாம் நம்பிட்டோம். நீங்க மட்டும் சொல்லாம கொள்ளாம மேற்கால போறீங்க. இது தெரிஞ்சா அவனுக்கு நான் என்னான்னு சொல்றது?"

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது. குடும்பக் காரணம் இல்லை. அக்டோபர் 7 அன்று திரையில் என் வீட்டையும் பார்த்தேன். நீலத்தில்தான் இருந்தது.

நவம்பர் 21, வெள்ளி

முதல் பாடவேளை. மேகலா வரவில்லை. முப்பது பேர். நான் ஒரு சீட்டு எடுத்து, எல்லோரும் பார்க்க எட்டு என்று எழுதி டப்பாவில் போட்டேன்.

போன வருடம் நடந்ததைச் சொன்னேன். முழங்கால் தண்ணீர் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். இடுப்புத் தண்ணீர். காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம்வரை சமையல் மேடையில் ஏறி, சான்றிதழ் பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். போன் செத்துவிட்டது. தெருவில் யாருக்கும் நான் உள்ளே இருப்பது தெரியாது. அன்றிலிருந்து மழை இருட்டினால் எனக்கு மூச்சு முட்டுகிறது. அதனால்தான் மாற்றல் கேட்டிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை கலந்தாய்வு, உங்களிடம் மறைத்தேன் என்று சொன்னேன்.

பிள்ளைகள் இடிந்து போவார்கள் என்று நினைத்தேன். முகிலன் எழுந்து பலகைக்குப் போனான்.

"எட்டுக்கு என்னா பண்ணணும்னு எழுதித்தான இருக்குது டீச்சர். தனியா இருக்கறவங்களுக்கு மூணு வீட்டுலேர்ந்து போன்."

பதினான்கு பெயர்களுக்குக் கீழே பதினைந்து என்று போட்டு எழுதினான்: மங்கையர்க்கரசி டீச்சர், கடலூர், தரைத்தளம். பிறகு திரும்பி, "மாடி வீட்டுக்காரங்க பேரு என்னா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக அவர்களுக்குக் கீழே குடியிருக்கிறேன்.

"அத மொதல்ல கேட்டுட்டு வாங்க," என்றான்.

நவம்பர் 23, ஞாயிறு

மாடியில் இருப்பவர்கள் பெயர் ஷரீபா, காதர் மொய்தீன். டீ கொடுத்தார்கள். இவரும் வந்திருந்தார். எல்லாவற்றையும் அவரிடமும் சொன்னேன். "நான் அதட்டிக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்ப," என்றார். சான்றிதழ் வைக்க உத்தரத்துக்குக் கீழே ஒரு பலகை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். கலந்தாய்வுக்குப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 24, திங்கள்

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு. பள்ளிகளுக்கு விடுமுறை. நாளைய கலந்தாய்வு மழையால் டிசம்பர் 1க்குத் தள்ளிவைப்பு.

காலையிலிருந்து கொட்டுகிறது. தெருவில் கணுக்கால் தண்ணீர். பத்து மணிக்கு முகிலன் போன். "மோட்டார் சுவிட்ச அமத்திட்டீங்களா? பை மேல ஏறிடுச்சா?" பன்னிரண்டு மணிக்கு இன்னொரு வீட்டிலிருந்து. அங்கே வந்திருந்த தேசிங்கின் குரல் பின்னால்: "டீச்சர், படகையெல்லாம் மேல ஏத்திட்டோம்னு சொல்லுடா."

மூன்றாவது போன் வரவேண்டிய நேரம் தாண்டியது. வாசல்படிக்குத் தண்ணீர் வந்தது. மூச்சு முட்ட ஆரம்பித்தது. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். நாலரை மணிக்குப் புது எண்ணிலிருந்து அழைப்பு.

"டீச்சர், லைன் கேக்குதா?"

மேகலா.

"கேக்குதும்மா."

"முகிலன் எல்லாம் சொன்னான். பதினஞ்சாம் நம்பர் ஆளு பத்திரமா இருக்கீங்களான்னு பாக்கத்தான். இது கொட்டாய் ஓனரு போனு, சீக்கிரம் சொல்லுங்க. எத்தன இப்ப?"

"ஆறு."

"ஆறுன்னா கையில ஏதாச்சும் வேல இருக்கணும். என்னா வேல பண்றீங்க?"

"உன்கூட பேசிக்கிட்டிருக்கேன்."

"சரி, வச்சுடாதீங்க, செத்த நேரம் பேசலாம்," என்றாள்.

தண்ணீர் வாசல்படியோடு நின்றுவிட்டது.

நவம்பர் 28, வெள்ளி

மழை விட்டது. பள்ளிகள் திங்கட்கிழமை திறக்கின்றன. மண்மேட்டில் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டதாம். பனங்கொட்டையில் பாதி இருக்கிறது என்று முகிலன் எண்ணிச் சொன்னான்.

டிசம்பர் 1, திங்கள்

காலநிலைப் பாடம் முடிந்தது. மண் வகைகள் ஆரம்பித்தேன். சார் நிம்மதியாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

கலந்தாய்வில் என் பெயரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பில் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். பயம் போய்விட்டதா என்றால், இல்லை.

வருகை முப்பத்தொன்று. சீட்டு முப்பத்திரண்டு. பதினொன்று இல்லை.